தெருவில் எழுந்த மேடு

கேள்விக்காரி என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கதவைத் தட்டி, “ரெண்டே நிமிஷம்” என்று சொல்லி உட்கார்ந்து, அரை மணி கழித்து எழுந்து போகிறவள். சோப்பு, பற்பசை, கொசுவத்தி என்று எவனாவது எதையாவது ஊருக்குள் கொண்டுவர நினைத்தால் முதலில் இவளைத்தான் அனுப்பி ஆழம் பார்ப்பான். “வாங்குவீங்களா?” என்று நேராகக் கேட்டால் முகத்தாட்சண்யத்துக்கு எல்லோரும் வாங்குவோம் என்றுதான் சொல்வார்கள்; அதை நம்பிக் கடை போட்டவன் கெட்டான் என்பது இத்தனை வருஷத்தில் அவள் கற்ற பாடம். ஆகவே போட்டு வாங்குவாள். கடைசியாகப் பல் எப்போது வலித்தது என்று தொடங்கிப் பற்பசையில் கொண்டுபோய் முடிப்பாள்.

வீட்டிலும் அதே வாய்தான். “இவகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டுப் பாருங்க. ஒண்ணு ஆமாம், ரெண்டு இல்லை, மூணு கருத்து இல்லைன்னு சொல்லுவா” என்று அவள் கணவர் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் குழாய் மேஸ்திரி. தெருவைத் தோண்டிச் சாக்கடைக் குழாய் பதிக்கிற கூட்டத்துக்குத் தலைவர். அந்த ஊரின் கழிவெல்லாம் பெரும்பாலும் அவர் இறக்கிவைத்த கான்கிரீட் குழாய்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கனமில்லாத எதன் மீதும் அவருக்கு மரியாதை கிடையாது. கட்டில் வாங்கப் போனால்கூட ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, லேசாக வந்துவிட்டால் கடையை விட்டே வெளியேறிவிடுவார். கான்கிரீட் குழாயைச் சங்கிலி கட்டி இறக்கி, அது பள்ளத்தில் ‘தொம்’மென்று உட்காருகிற சத்தத்தைக் கேட்டால்தான் அன்றைய வேலை வேலை.

அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் மார்க்கெட் ரோட்டில் விழுந்தது. சரக்கு ஏற்றி வந்த லாரியின் பின்சக்கரம் திடீரென்று ரோட்டுக்குள் இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தால், கீழே குழாயின் மேல்பாதியையே காணோம். சாக்கடையிலிருந்து கிளம்பும் வாயு உள்ளேயிருந்தே வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறது. மேஸ்திரி விளிம்பிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தார். ரஸ்க் மாதிரி கையிலேயே உதிர்ந்தது. அது அவர் போட்ட குழாய். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு குழாய் வார்க்கிற பட்டறையில் வேலை சுருங்கியது. மேஸ்திரியின் ஆட்கள் காலையில் வந்து, டீ குடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனி கேள்விக்காரியைத் தேடி வந்தது. சாக்கடைக்கும் மழைநீருக்கும் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்தால் இந்த ஊரும் சுற்று ஊர்களும் வாங்குமா, வாங்காதா? வாங்கும் என்றால் இங்கேயே தொழிற்சாலை. இல்லையென்றால் வேறு ஊர். அதை விசாரித்துச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. பற்பசையிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு வந்துவிட்டாள் என்று தங்கை கேலி செய்தாள்.

அவள் ஊர் ஊராகப் போனாள். காண்ட்ராக்டர்களுக்கு ஆசைதான். கிரேன் வேண்டாம், வழியில் உடையாது, ஒரு லாரியில் ஒரு தெருவுக்கே ஏற்றிவிடலாம். இன்ஜினியர்கள் முதலில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போடலாம் என்றார்கள். வீட்டுக்காரர்களுக்கு, போனது திரும்பி வராமல் இருந்தால் போதும். மேஸ்திரியையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்: “ஒரு ஆள் தோள்ல தூக்கிட்டு வர்ற பைப்பை, ராத்திரி ஒரு ஆள் தோள்ல தூக்கிட்டுப் போயிடுவான்.”

இருந்தாலும் ஒரு தெருவுக்கு மட்டும் கம்பெனி தன் செலவில் குழாய் போட்டுக் காட்டுவது, அது நன்றாக இருந்தால் நகராட்சி ஊர் முழுக்க அதையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. தேர்ந்தெடுத்தது கேள்விக்காரியின் தங்கை இருக்கும் தெரு. மேலேயிருந்து சரிந்து வரும் நீளத் தெரு. கடைசியில், எல்லோருக்கும் கீழே, தங்கையின் வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, தரையெல்லாம் வெட்டிய துணி பரப்பி, அதில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். புதுக் குழாய் வரப்போகிறது என்றதும் குளியலறைக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினாள்.

யாரை வைத்துப் பதிப்பது என்று கம்பெனி மேனேஜர் கேட்டபோது, “எங்க வீட்டுக்காரர் இருக்காரு” என்றவள் கேள்விக்காரிதான். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனை வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது அவளுக்கு முடியாமல் போயிருந்தது. மேஸ்திரி அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் கடப்பாரைகளுக்கு முனை தட்டக் கொடுத்துவிட்டு வந்தார்.

மேனேஜர் நல்ல மனிதர். தானே பள்ளத்தில் இறங்கி, சட்டையெல்லாம் மண்ணாக, செய்து காட்டினார். குழாயின் இரண்டு பக்கமும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். இந்தக் குழாய்க்குத் தன் பலம் பாதி, சுற்றியிருக்கிற மண்ணின் பலம் பாதி என்றார்.

“அப்போ மீதிப் பாதிப் பைப்பை நாங்கதான் செய்யணுமா, சார்?” என்று மேஸ்திரி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

அவர் சொன்னபடியே மணல் போட்டார்கள், இடித்தார்கள். மேனேஜர் கிளம்பிப் போனார். அதற்குமேல் தோண்டிய மண்ணைத் தள்ளிப் பாதிப் பள்ளம் நிரப்பியதும், இத்தனை வருஷமாகச் செய்துவந்ததைச் செய்தார்கள். டேங்கர் லாரியை வரவழைத்து, பள்ளம் தளும்பத் தண்ணீர் விட்டார்கள். மண் தண்ணீர் குடித்துத் தானாக அமுங்கும். பின்னால் ரோடு இறங்காது. கான்கிரீட் குழாய்க்கு அதுதான் முறை. தண்ணீர் விடாதீர்கள் என்று மேனேஜர் சொல்லவில்லை, அப்படி யாராவது செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. விடலாமா என்று இவர்களும் கேட்கவில்லை, விடாமல் ஒருவன் பள்ளத்தை மூடுவான் என்று இவர்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று தங்கை வீட்டு வாசலில் நின்று, பள்ளத்தில் பழுப்புத் தண்ணீர் ஏறுவதைக் கேள்விக்காரியும் பார்த்தாள். ஊரையெல்லாம் கேள்வி கேட்கிறவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் காலம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு காண்ட்ராக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். பிளாஸ்டிக் குழாய் போட்ட அனுபவம் உண்டா என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா கேக்கறீங்க. ஒரு தடவை போட்டோம். நம்ம பசங்க வழக்கம்போல பள்ளத்துல தண்ணியை விட்டுட்டானுங்க. காலையில போய்ப் பாத்தா, பைப் எங்களுக்கு முன்னாடி எழுந்து உக்காந்திருக்கு.”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள். பாதி வரியில் பேனா நின்றது.

“எழுந்துன்னா?”

“மிதந்துருச்சும்மா. உள்ள காலி, எடையும் இல்லை. கீழ தண்ணி நின்னா வேற என்ன செய்யும்? நல்லவேளை, பள்ளம் தொறந்திருந்துச்சு, கண்ணுல பட்டுச்சு. மூடின பிறகு எழுந்திருந்தா எவனுக்குத் தெரியும்?”

வாட்டம், அதாவது குழாயின் சரிவு, போய்விட்டால் அப்புறம் அது சாக்கடை இல்லை, தொட்டி என்றார். மேலேயிருந்து வருவதெல்லாம் மேட்டில் முட்டி, நின்று, எங்கே தாழ்வோ அங்கே திறந்துகொள்ளும். சொல்லிவிட்டு அவளுக்கு இன்னொரு டீ சொன்னார். அவள் குடிக்காமல் எழுந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே தங்கை தெருவுக்குப் போனாள். தங்கை வீட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, ரோட்டின் நடுவில் ஒரு மேடு இருந்தது. தெரு முழுக்க மண் லேசாக இறங்கியிருக்க, அந்த இடம் மட்டும் இறங்காமல், படுத்திருக்கும் மிருகத்தின் முதுகு போல நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் அதில் ஏறிக் குதித்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“பாத்தியாக்கா, நம்ம தெருவுக்கும் ஸ்பீடு பிரேக்கர் வந்துருச்சு” என்றாள் தங்கை, வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி.

குளித்த தண்ணீரைத் தங்கை ஏற்கெனவே புதுக் குழாயில் சேர்த்துவிட்டிருந்தாள். கழிப்பறை மட்டும் இன்னும் பழைய செப்டிக் டேங்க்கில். குளியலறையில் எப்படிப் போகிறது என்று கேள்விக்காரி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். போகிறது, ஆனால் சில சமயம் ஓட்டைக்குள் யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற மாதிரி சத்தம் வருகிறது, புதுக் குழாய் பழகினால் சரியாகிவிடும் என்றாள் தங்கை. தெருவில் மேலே உள்ள ஏதோ வீட்டில் யாரோ ஒரு வாளியைக் கவிழ்த்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் அப்போதே கேட்டது. பளபளக்கும் டைல்ஸின் நடுவே, சல்லடை மூடியின் துளைகளில் சாம்பல் நிறத் தண்ணீர் கண்விழித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அன்று சாயங்காலம் மேஸ்திரி கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள். பள்ளத்தில் விட்ட தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது?

“என்ன, சர்வேயா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன்.”

நன்றாக நின்றது, மண் நன்றாகக் குடித்தது என்றார். அவள் பக்கத்து ஊர்க் காண்ட்ராக்டர் சொன்னதைச் சொன்னாள். எழுந்து உட்கார்ந்திருந்தது என்ற இடத்தில் அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. குழாய் திறந்தபடியே இருந்தது, தண்ணீர் அவர் காலைத் தாண்டி ஓடியது.

“நான் போட்டது எதுவும் இதுவரைக்கும் மிதந்ததில்லை.”

“நீங்க போட்டது எல்லாம் கான்கிரீட்டுங்க.”

அவர் குழாயை மூடினார். மேட்டைத் தானும் பார்த்ததாக அப்புறம்தான் சொன்னார். பார்த்தும், ரோடு இறங்கவில்லை என்று முதலில் பெருமைப்பட்டாராம். அடுத்த வாரம் இன்ஜினியர் வந்து விளக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார். அதில் தேறிவிட்டால் ஊர் வேலை முழுக்க அவர் ஆட்களுக்கு. தேறாவிட்டால் கம்பெனி மூட்டை கட்டிவிடும். மார்க்கெட் ரோட்டுக்குப் பிறகு கான்கிரீட்டையும் எவனும் தொடமாட்டான்.

“ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திட்டா நான் எங்க போறது? முதல்ல தேறட்டும். அப்புறம் சத்தமில்லாம நானே தோண்டி இறக்கி விட்டுடறேன்.”

“அதுக்குள்ள மழை வந்துட்டா?”

“மழை என்ன, உன்னை மாதிரி கேட்டுட்டா வரும்?”

அந்த வாரம் முழுக்க அவள் ரிப்போர்ட்டை எடுப்பாள், வைப்பாள். மேனேஜர் போனில், மழைக்கு முன்னால் கொடுத்துவிட்டால் நல்லது என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மேற்கே தினமும் மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடி, இடித்து, எதுவும் பெய்யாமல் கலைந்தது. மேஸ்திரி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். அவளும் பார்ப்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி உள்ளே போவார்கள்.

இன்ஜினியர் வந்த நாள் காற்றே இல்லை. ஒரு மேன்ஹோலுக்குள் விளக்கைத் தொங்கவிட்டு, அடுத்த மேன்ஹோலில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். குழாய் நேராக இருந்தால் கண்ணாடியில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும். மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மேஸ்திரி குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு, “தெரியுது சார்” என்பார். இன்ஜினியர் மூக்கில் கைக்குட்டையோடு தள்ளி நின்று குறித்துக்கொள்வார். மேனேஜர் அவருக்குக் குடை பிடிக்காத குறை.

கடைசி இரண்டு குழி, தங்கை வீட்டுப் பக்கம். மேஸ்திரி படுத்தார். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் தலை உள்ளேயே இருந்தது.

“தெரியுது சார்.”

“நானும் ஒரு தடவை பாக்கறேன்” என்றாள் கேள்விக்காரி. ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்று காரணம் சொன்னாள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். மேஸ்திரி கண்ணாடியை அவளிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சூடான ரோட்டில் படுத்து உள்ளே பார்த்தாள். நாற்றம் கண்ணைக் கரித்தது. கண்ணாடியில் வட்டம் இல்லை. வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு ஒரு வெளிச்சம், அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. கறுப்பு அசைந்தது. அது தேங்கி நின்ற தண்ணீர்.

எழுந்து துணியைத் தட்டிக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“தெரியுதுங்க” என்றாள். பொய் இல்லை. தெரிந்ததுதான்.

இன்ஜினியர் ஜீப்பில் ஏறிப் போனார். மேனேஜர் எல்லோர் கையையும் குலுக்கிவிட்டுப் பின்னாலேயே போனார். ஆட்கள் விளக்கை மேலே இழுத்தார்கள். மேஸ்திரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தங்கை டீத் தட்டோடு வாசலுக்கு வந்தாள்.

“மாமா, பாஸாமே! மண்ணு லோடு வந்து நிக்குது. டேங்கை மூடச் சொல்லிரட்டுமா? மேல இருக்கறவங்க எல்லாம் உங்க வார்த்தையை நம்பி அப்பவே மூடிட்டாங்க. நான்தான், கண்ணாடி பாத்து முடியட்டும்னு வெச்சிருந்தேன்.”

அப்போதுதான் கேள்விக்காரி தெருமுனையில் நின்ற டிராக்டரைக் கவனித்தாள். பழைய டேங்க்கில் மண் விழுந்துவிட்டால் இந்த வீட்டுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மேல் தெருவின் கழிவெல்லாம் தேடி வரப்போகிற தாழ்வு, அந்தக் குளியலறையின் பளபளப்பான ஓட்டைதான்.

“மூடாதே” என்றாள்.

“ஏன்க்கா?”

பதில் சொன்னால் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தங்கை வாய்க்கோ எந்த மூடியும் பொருந்தாது. கேள்விக்காரி கணவரைப் பார்த்தாள். ஒன்று, ரெண்டு, மூன்று என்று தேர்ந்தெடுக்க அவரிடம் எதையும் நீட்டவில்லை.

“உங்க மாமாகிட்டயே கேளு.”

தங்கை தட்டோடு அவர் பக்கம் திரும்பினாள். “என்ன மாமா?”

மேஸ்திரி சுருட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பந்தல்கால் குழி தோண்டியது முதல் இன்றுவரை அவள் அவரை எதிலும் சந்தேகப்பட்டதில்லை. அவர் கயிற்றைக் கீழே போட்டார்.

“கடப்பாரையை எடுங்கடா” என்றார் ஆட்களிடம்.

இப்போதுதானே சார் பாஸ் போட்டுவிட்டுப் போனார் என்று ஒருவன் முணுமுணுத்தான். அவர் மேட்டின் மேல் போய் நின்று, தானே முதல் குத்துக் குத்தினார். ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர் இடுப்பளவு இறங்கித் தேட வேண்டிய குழாய், முழங்கால் ஆழத்திலேயே கடப்பாரையில் தட்டுப்பட்டது. கான்கிரீட் என்றால் கணீரென்று கேட்கும். இது ‘பொத்’தென்றது. மண்ணை விலக்கி, அதன் முதுகில் ரசமட்டத்தை வைத்தார். உள்ளேயிருந்த குமிழ் எந்தப் பக்கம் போகக்கூடாதோ அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

“எப்படா எழுந்து வந்தே?” என்று மெதுவாகக் கேட்டார், குழாயிடம்.

அவர் முதுகில் ஒரு துளி விழுந்தது. அடுத்தது குழாயின் மேல், டப்பாவில் தட்டியது போல.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கியது. திறந்த பள்ளத்துக்குத் தெருத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது. மேல்மண் நீங்கிய குழாய் லேசாக அசைந்து, ஒரு விரல்கடை எழும்பியது. எல்லோரும் பார்க்கவே எழும்பியது. மேஸ்திரி அதன் மேல் காலை வைத்து அழுத்தினார். இரண்டு ஆட்களும் ஏறி நின்றார்கள். அவர்கள் அழுத்திய இடம் தணிந்தது; கொஞ்சம் தள்ளி மண் பிளந்தது.

“அக்காவும் தங்கச்சியும் மெஷினைத் தூக்கி உசரத்துல வைங்க” என்று கத்தினார். அன்று முழுக்க அவர் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

மெஷின்களைக் கட்டிலில் ஏற்றினார்கள். துணிகளை வாரி அலமாரி மேல் எறிந்தார்கள். குளியலறையில் மடக் மடக்கென்ற சத்தம் இப்போது நிற்கவே இல்லை. தங்கை ஓட்டையில் துணியைத் திணித்து, அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, டேங்க் திறந்திருப்பதை எட்டிப் பார்த்துவந்தாள். “நல்லவேளைக்கா” என்றாள், மூச்சு வாங்க.

கேள்விக்காரி வாசலில் நின்று தெருவை மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல தடவை நடந்த தெரு. மழைத் தண்ணீர் பரவியதும்தான் அதன் உண்மையான உருவம் தெரிந்தது. தண்ணீர் நேராக இறங்கி வரவில்லை. ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து எதையோ சுற்றிக்கொண்டு வந்தது. அதற்கு மேலே இன்னோரிடத்தில். அதற்கும் மேலே. அங்கே கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் முழு வட்டம்தானா என்று யாரும் படுத்துப் பார்க்கவில்லை. மேஸ்திரி மட்டும்தான் பார்த்தார். பள்ளத்தில் குழாய் மேல் நின்றிருந்தவர் அவள் பார்வை போகிற திசையைக் கண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மேடுகளின் இரண்டு பக்கமும் வீடுகள். எல்லா டேங்க்கும் மூடியாகிவிட்டது. மழை உள்ளே அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் நனைந்துகொண்டே மேலே நடந்து, முதல் கதவைத் தட்டினாள். திறந்தவர் தலை துவட்டும் துண்டோடு நின்றார். அவளைத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

“இந்த மழையிலயாம்மா? ரெண்டு நிமிஷம்தானே, வாங்க வாங்க. இன்னைக்கு என்ன கேக்கணும்?”

அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே எங்கேயோ, யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.